என் எடைக்கல்லை நானே செதுக்கியபோது

11 வருடங்களுக்கு முன்னால் என் தங்கை ஒரு கையெழுத்துப் பிரதியைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். 140 பக்கம், ஒரு நாவல். எழுதி முடிக்க அவளுக்கு இரண்டு வருடம் ஆகியிருந்தது. நான் மூன்றே நாளில் படித்துவிட்டேன். நான்காம் நாள் சாயங்காலம் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். கையில் ஒரு வெள்ளைத் தாள், ஒரு பேனா. தாளின் மேலே "அக்கா சொன்னது" என்று எழுதி, அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தாள். இடது ஓரத்தில் 1, 2, 3 என்று எண்கள் வேறு. ஏழு வரைக்கும் இருந்ததாக ஞாபகம்.

நான் ஒரே வாக்கியம்தான் சொன்னேன். "இதுல உயிரே இல்லை, இனிமே இதுக்கு நேரம் செலவு பண்ணாதே."

அவள் எதுவும் கேட்கவில்லை. பேனா மூடியை எடுத்து மெதுவாக மாட்டினாள். சத்தம் வரும்வரை அழுத்தினாள். தாளை நான்காக மடித்துப் பிரதிக்குள் செருகிக்கொண்டு எழுந்து போனாள். அதற்கப்புறம் அவள் எழுதவில்லை.

அன்று ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன். இதைச் சொல்லாமல் விட்டால் மற்றது எதுவும் விளங்காது. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன் என்ற நிம்மதி எனக்கு. உண்மையை முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும் என்பது எனக்கு வெறும் பழக்கமாக இருக்கவில்லை. என்னை யாரென்று கேட்டால், பெயருக்கு அடுத்தபடியாக அதைத்தான் சொல்லியிருப்பேன். மழுப்பிப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. விழுமியம் என்று கட்டுரைகளில் எழுதுகிறோமே, அது எனக்குள் ஒரு கருத்தாக இல்லை. நிற்கிற தரையாக இருந்தது.

இரண்டு வருடம் கழித்து ஒரு விசேஷ வீட்டில் யாரோ அவளிடம், "இப்பவும் எழுதுறியாம்மா?" என்று கேட்டார்கள். பக்கத்தில் நான் நிற்பதைப் பார்த்தாள். "இல்லைங்க, வேலை சரியா இருக்கு, நேரமே கிடைக்கல" என்றாள். பொய். என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய். கேட்டவர் நகர்ந்ததும் ஒன்றும் நடக்காதது போல வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். என் வாழ்நாளில் நான் சொன்ன எந்த உண்மையையும் விட அந்தப் பொய் நல்லதாக இருந்தது. அந்த இடத்தில் நின்றுகொண்டே முடிவு செய்தேன், இந்தக் குணத்தை நான் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று.

பிறகு நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஒருவர் தன்னுடைய அடிப்படை விழுமியத்தைத் தானே, தெரிந்தே மாற்றிக்கொள்ளலாமா? அதற்கு அவருக்கு உரிமை உண்டா? செய்தால் யாருக்கு என்ன கடன்படுகிறார்? ஒன்பது வருடமாக இது என்னோடு இருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தாண்ட வேண்டியிருந்தது. மாற்ற வேண்டும் என்று முடிவு செய்தது யார்? அமெரிக்கத் தத்துவவாதி ஹாரி ஃபிராங்க்ஃபர்ட் 1971ல் எழுதிய ஒரு கட்டுரையில் ஆசைகளை இரண்டு தளமாகப் பிரித்தார். குடிக்க வேண்டும் என்பது ஓர் ஆசை. குடிக்க ஆசைப்படாதவனாக நான் ஆக வேண்டும் என்பது அந்த ஆசையைப் பற்றிய ஆசை. இந்த இரண்டாவது வகை இருப்பதுதான் மனிதரை மனிதராக்குகிறது என்றார். படித்தபோது நல்ல வெளிச்சமாகத்தான் இருந்தது. ஆனால் என் விஷயத்துக்கு அது பாதி தூரம்தான் வந்தது. நான் மாற்ற நினைத்தது ஒரு ஆசையை அல்லவே. எந்த ஆசை நல்லது, எது கெட்டது என்று எனக்குள் தீர்ப்புச் சொல்கிற இடத்தில் உட்கார்ந்திருந்த ஒன்றை. நீதிபதியை விசாரிக்க இன்னொரு நீதிபதியை எங்கே தேடுவது?

யோசித்துப் பார்த்தபோது, அந்த விசேஷ வீட்டில் எனக்குள் முடிவெடுத்தது எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும் ஏதோ ஒரு "நான்" இல்லை என்று தெரிந்தது. தங்கை மேல் இருந்த பாசம்தான் எழுந்து நின்று உண்மையைக் கேள்வி கேட்டது. எனக்குள் இருந்த ஒரு விழுமியம் இன்னொன்றின் மேல் வழக்குப் போட்டது. வெளியிலிருந்து யாரும் வரவில்லை, வரவும் முடியாது. ஆக, ஒருவர் தன் விழுமியத்தை மாற்றிக்கொள்கிறார் என்றால் நான் முதலில் கேட்பது, பின்னாலிருந்து தள்ளுவது எது என்பதுதான். அன்பு தள்ளலாம், வெட்கம் தள்ளலாம், அசதி தள்ளலாம். பெயர் சொல்லக் கூசுகிற ஒன்றும் தள்ளலாம்.

எட்டாத திராட்சையைப் புளிக்கும் என்று சொன்ன நரியை எல்லோருக்கும் தெரியும். யான் எல்ஸ்டர் என்ற நார்வே நாட்டு அறிஞர் அந்த நரியை வைத்தே 1983ல் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். நரி பொய் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையாகவே அதற்குத் திராட்சை பிடிக்காமல் போய்விட்டது. அப்போதுதான் விஷயம் தீவிரமாகிறது. கிடைக்காததன் வலி தாங்காமல் மனம் தன் விருப்பத்தையே சத்தமில்லாமல் திருத்திக்கொண்டுவிட்டது. நரிக்கே அது தெரியாது. இப்படி மாறியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு காலத்தில் அநியாயம் என்று கொதித்தவர்கள், அந்த அநியாயத்தில் ஒரு நாற்காலி கிடைத்ததும், "உலகம்னா அப்படித்தான், எனக்குப் பக்குவம் வந்துடுச்சு" என்பார்கள். அவர்கள் நடிக்கவில்லை. அதுதான் வருத்தம்.

என்னைத் தள்ளியது அன்பு என்று நான் நம்பினேன். பெரும்பாலும் அது உண்மைதான். கொஞ்சம் வேறொன்றும் இருந்தது, அதற்குப் பின்னால் வருகிறேன்.

சரி, எப்படி மாற்றுவது? உத்தரவு போட்டால் மனம் மாறுமா? 1662ல் இறந்துபோன பிரெஞ்சுக் கணித மேதை பாஸ்கல் விட்டுச் சென்ற குறிப்புகளில் இதற்கு ஒரு நேரடியான பதில் இருக்கிறது. நம்ப வேண்டும் என்று விரும்பியும் நம்பிக்கை வராதவனுக்கு அவர் சொல்கிறார்: நம்புகிறவர்கள் எப்படித் தொடங்கினார்களோ அப்படியே நீயும் தொடங்கு, நம்புவது போலவே எல்லாம் செய், பூசையில் கலந்துகொள், புனித நீரைத் தொட்டுக்கொள், நம்பிக்கை தானாக வரும். கை முதலில், மனம் பிறகு. பலருக்கு இது மோசடியாகத் தெரியும். எனக்கும் தெரிந்தது. ஆனாலும் வேறு வழி தோன்றவில்லை.

ஒரு நோட்டு வாங்கினேன். ஒவ்வொரு ராத்திரியும் அன்று யாரிடமாவது எதையாவது நேருக்கு நேர் சொல்லத் தோன்றிய தருணத்தை எழுதுவேன். பழைய நானாக இருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இடது பக்கம். என்ன சொன்னேன் என்று வலது பக்கம். முதல் மாதங்களில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. அப்புறம் வலது பக்கம் மெதுவாக இளகியது. ஆனால் எழுதும்போதெல்லாம் வேஷம் போடுகிறோமே என்று உறுத்தியது. கூட வேலை செய்கிறவரிடம் "நல்ல முயற்சி" என்று சொல்லிவிட்டு வந்து கை கழுவத் தோன்றிய நாட்கள் உண்டு. ஆக்னஸ் காலர்ட் என்ற தத்துவவாதி 2018ல் எழுதிய நூலில், இன்னும் தன்னிடம் இல்லாத ஒரு விழுமியத்தை நோக்கி நடக்கிறவர் இப்படித்தான் அரைகுறைக் காரணங்களோடு நடந்தாக வேண்டும் என்கிறார். போய்ச் சேர்ந்த பிறகுதான் முழுக் காரணம் கண்ணில் படும். பின்னால் அதைப் படித்தபோது, அந்த நாட்களில் என்னை நானே அவ்வளவு திட்டிக்கொண்டிருக்க வேண்டாம் என்று பட்டது.

ஒன்றரை வருடத்தில் உறுத்தல் நின்றுபோனது. நோட்டில் இடது பக்கம் எழுத ஒன்றும் இல்லாமல் போனது. பழைய நான் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்தால் எதுவும் வரவில்லை. வெற்றி என்று நினைத்து நோட்டை மூடினேன். என்னைச் சுற்றி இருந்தவர்களுக்கும் என்னைப் பிடித்திருந்தது. "நீங்க ரொம்ப மாறிட்டீங்க" என்று சந்தோஷமாகச் சொன்னார்கள்.

மூன்று வருடங்களுக்கு முன் என் தோழி ஒருத்தி தன் சேமிப்பு முழுவதையும் ஒருவரை நம்பிக் கூட்டுத் தொழிலில் போடப்போவதாகச் சொன்னாள். அந்த ஆளை எனக்கும் கொஞ்சம் தெரியும். அவர் பேச்சுக்கும் கணக்குக்கும் ஒட்டாது என்பது ஒரு தடவை பார்த்தபோதே தெரிந்திருந்தது. அவள் முகத்தில் இருந்த உற்சாகத்தைப் பார்த்தேன். "உனக்குச் சரின்னு பட்டா செய்" என்றேன். ஒரு வருடத்தில் பணம் போய்விட்டது.

பிறகு ஒருநாள் என்னிடம் கேட்டாள், "உனக்கு அப்பவே தெரியுமா?"

"சந்தேகம் இருந்துச்சு."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "பழைய நீயா இருந்திருந்தா, என்னை அந்த நாற்காலியிலேயே உட்கார வச்சுக் கத்தியிருப்பே" என்றாள். குரலில் கோபமே இல்லை. என்னை எங்கோ தொலைத்துவிட்டதைப் போலச் சொன்னாள்.

நான் பேசாமல் இருந்தது ஒரு தப்பு, அதற்கு வருந்தலாம், மன்னிப்புக் கேட்கலாம். அதைவிட எனக்குப் பயமாக இருந்தது வேறு. அன்று அவள் முன்னால் உட்கார்ந்திருந்தபோது சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தொண்டை வரை வந்து நான் விழுங்கிய சொல் எதுவும் கிடையாது. வலிக்கவில்லை. வலிக்க வேண்டிய இடத்தை நானே நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து ஒன்றரை வருடம் மரத்துப்போகச் செய்திருந்தேன்.

இந்த இடத்தில்தான் எனக்கு அந்த உருளை ஞாபகம் வந்தது. பாரிஸை ஒட்டிய செவ்ர் என்ற ஊரில், மூன்று வெவ்வேறு சாவிகள் இருந்தால்தான் திறக்கும் ஒரு பெட்டகத்துக்குள், பிளாட்டினமும் இரிடியமும் கலந்து செய்த சிறிய உருளை ஒன்று இருக்கிறது. உயரமும் விட்டமும் 39 மில்லிமீட்டர்தான், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். 1889 முதல் 2019 மே 20 வரை, ஒரு கிலோகிராம் என்றால் அந்த உருளையின் நிறை என்றுதான் பொருள். உலகத்தின் மற்ற எல்லா எடைக்கற்களும் அதைப் பார்த்து வந்தவை.

இதில் என்ன வினோதம் என்றால், அந்தக் காலம் முழுக்க அந்த உருளையின் நிறை குறையவே முடியாது. அதிலிருந்து ஒரு துகள் உதிர்ந்தாலும் அது ஒரு கிலோவாகத்தான் இருக்கும். ஏனென்றால் ஒரு கிலோ என்பதே அதுதான். கணக்குப்படி பார்த்தால் மீதி உலகம்தான் கொஞ்சம் கனத்துவிட்டது என்று ஆகும். உருளைக்குப் பேச வாய் இருந்தால், தன்னிடம் எந்த மாற்றமும் இல்லை என்று மனசாரச் சொல்லும்.

அப்படியானால் அது மாறிவிட்டதோ என்ற சந்தேகம் எப்படி வந்தது? அதே உலோகத்தில் செய்த ஆறு அதிகாரபூர்வப் பிரதிகளைக் கூடவே வைத்திருந்தார்கள். 1988ல் தொடங்கி 1992 வரை எல்லாவற்றையும் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தபோது, நூறு வருடத்தில் மூல உருளைக்கும் பிரதிகளுக்கும் நடுவே சராசரியாக 50 மைக்ரோகிராம் அளவுக்கு விலகல் விழுந்திருந்தது. மாறியது மூலமா, பிரதிகளா என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் ஏதோ நகர்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. பிரதிகள் இல்லாவிட்டால் அதுவும் தெரிந்திருக்காது. அந்த ஆறு பிரதிகளுக்கும் பிரெஞ்சு மொழியில் அவர்கள் வைத்திருந்த பெயர், சாட்சிகள்.

2019ல் உருளைக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, பிளாங்க் மாறிலி என்ற, இயற்கையில் மாறாத ஓர் அளவோடு கிலோகிராமைக் கட்டிவிட்டார்கள். அதை யாரும் கீற முடியாது, தேய்க்க முடியாது. மனித விழுமியங்களுக்கும் அப்படி ஒரு மாறிலி உண்டு என்று உறுதியாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஒருவருக்குக் கடவுள், இன்னொருவருக்கு அறிவு. எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. எனக்கு எட்டியதெல்லாம் சாட்சிகள்தான்.

விழுமியத்தை மாற்றிக்கொள்வதில் இருக்கிற அசல் ஆபத்து இதுதான் என்று நினைக்கிறேன். மாற்றம் நல்லதா என்று பிறகு சோதிக்கலாம் என்று நினைப்போம். சோதிக்கப் போகிற கருவியும் அதே மாற்றத்தில் சேர்ந்து மாறிப்போயிருக்கும். எல்.ஏ. பால் என்ற தத்துவவாதி 2014ல் ரத்தக்காட்டேரி ஆவதை உதாரணமாக வைத்து இதைச் சொன்னார். ஆனவர்கள் எல்லோரும் ஆனதற்குச் சந்தோஷப்படுகிறார்கள், யாரும் திரும்பி வர விரும்புவதில்லை. அதை வைத்து நாமும் ஆகலாம் என்று முடிவு செய்ய முடியுமா? சந்தோஷப்படுகிறவர் காட்டேரி. நாம் இன்னும் ஆகவில்லையே. "மாறியதில் எனக்கு வருத்தமே இல்லை" என்று யாராவது சொல்லும்போது, நான் உட்பட, அதைச் சாட்சியமாக ஏற்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

இது வெறும் கற்பனை விளையாட்டு இல்லை என்பதற்கு மருத்துவத்தில் ஒரு உதாரணம் இருக்கிறது. பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கப்படும் சில மருந்துகள், மூளையில் சுரக்கும் டோபமின் என்ற ரசாயனத்தைப் போல வேலை செய்கின்றன. நடுக்கத்தையும் விறைப்பையும் குறைக்கின்றன. கூடவே சிலருக்கு வேறொன்றையும் செய்கின்றன. வாழ்நாள் முழுக்கச் சிக்கனமாக இருந்தவர் சூதாட்டத்தில் இறங்குகிறார், அல்லது கண்டதையும் வாங்கிக் குவிக்கிறார். 3,090 நோயாளிகளை வைத்து 2010ல் வெளியான ஆய்வில் 13.6 சதவீதம் பேருக்கு இப்படிக் கட்டுக்கடங்காத நடத்தை ஏதாவது ஒன்று இருந்தது. இந்த வகை மருந்து எடுத்தவர்களிடம் அது 17.1 சதவீதம், எடுக்காதவர்களிடம் 6.9 சதவீதம். அந்த நேரத்தில் பலருக்கு அது நோயாகத் தெரிவதில்லை. இப்போதுதான் மனசு விட்டு வாழ்கிறோம் என்று தோன்றுகிறது. அதனால்தான் மருந்து எழுதும்போதே வீட்டில் இருப்பவர்களிடமும் சொல்லி, கவனிக்கச் சொல்கிறார்கள். மருந்தைக் குறைத்தால் பெரும்பாலும் பழைய ஆள் திரும்பி வருகிறார். எனக்குக் கொடுத்த மருந்து ஒரு நோட்டு. நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கு இதில் என்ன பாத்தியதை என்று கேட்கலாம். என் மனசு, என் விழுமியம், நான் மாற்றிக்கொள்கிறேன். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மூளை தேய்மான நோய் வந்தவர்களின் குடும்பத்தாரிடம் நினா ஸ்ட்ரோமிங்கர், ஷான் நிக்கல்ஸ் இருவரும் நடத்தி 2015ல் வெளியிட்ட ஓர் ஆய்வு என்னை உலுக்கியது. இவர் இன்னும் அதே ஆள்தானா என்ற கேள்வியில், நினைவு போனது குடும்பத்தாருக்கு அவ்வளவு பெரிதாகப் படவில்லை. நேர்மை, இரக்கம் போன்ற குணங்கள் மாறியபோதுதான் ஆளே மாறிவிட்டதாக உணர்ந்தார்கள். பெயரை மறந்த அப்பாவும் அப்பாதான். இரக்கம் போன அப்பா யாரோ ஒருவர். நம்மை நேசிப்பவர்கள் நம்முடைய ஞாபகசக்தியை நேசிக்கவில்லை. நம் விழுமியத்தின் மேல்தான் தங்கள் வாழ்க்கையின் ஒரு சுவரைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். என் தோழி தன் சேமிப்பைப் பற்றி என்னிடம் வந்து கேட்டதற்குக் காரணமே, நான் மழுப்பமாட்டேன் என்று பத்து வருடமாக நம்பியதுதான். அந்தச் சுவரை நகர்த்தப் போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்.

டெரிக் பார்ஃபிட் என்ற பிரிட்டிஷ் தத்துவவாதி 1984ல் வெளியான தன் நூலில் ஒரு கற்பனைக் கதை சொல்கிறார். 19ஆம் நூற்றாண்டு ரஷ்யாவில் ஓர் இளைஞன். இன்னும் சில வருடத்தில் பரம்பரை நிலங்கள் அவன் கைக்கு வரும். இப்போது அவன் சமதர்மவாதி, நிலங்களை விவசாயிகளுக்கே கொடுத்துவிட வேண்டும் என்று இருக்கிறான். வயதாக ஆகத் தன் இலட்சியம் மங்கிவிடலாம் என்பதும் அவனுக்குத் தெரிகிறது. அதனால் நிலம் தானாகவே விவசாயிகளுக்குப் போய்ச் சேரும்படி ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறான். மனைவி சம்மதித்தால் மட்டுமே அதை ரத்து செய்யலாம். பிறகு அவளிடம் சத்தியம் வாங்குகிறான்: நானே பிற்பாடு வந்து கெஞ்சினாலும் சம்மதிக்காதே, இந்த இலட்சியங்களை நான் இழந்தால் நானே இல்லாமல் போய்விட்டதாக நினைத்துக்கொள்.

வருடங்கள் கழித்து நடுவயதில் அவன் வந்து, பத்திரத்தை ரத்து செய் என்று கேட்கிறான். எதிரில் நிற்பவன் அவள் கணவன்தான். ஆனால் அவள் வாக்குக் கொடுத்தது யாருக்கு? அந்த இளைஞனுக்கு அல்லவா? அவன் இப்போது வந்து அவளை வாக்கிலிருந்து விடுவிக்க முடியாது.

இந்தக் கதையை நான் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். வழக்கமாக எல்லோரும் கேட்பது, மனைவி என்ன செய்ய வேண்டும் என்று. என் கவலை அந்த இளைஞனைப் பற்றியது. சாட்சி வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது சரி. பழைய விழுமியத்தின் ஒரு பிரதியை வெளியே, தன் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தானே, அது எனக்குத் தோன்றவே இல்லாத புத்திசாலித்தனம். ஆனால் அவன் மனைவியைச் சாட்சியாக வைக்கவில்லை, பூட்டாக வைத்துவிட்டான். இளம் வயதில் தெரிந்ததுதான் கடைசி உண்மை என்று எப்படி முடிவு செய்தான்? அந்த ஆறு பிரதிகளும் மூல உருளையை மாறாதே என்று தடுக்கவில்லை. நீ நகர்ந்திருக்கிறாய் என்று மட்டும் சொல்லின. சாட்சியிடம் அவ்வளவுதான் கேட்கலாம், அதுவே பெரிய காரியம். அந்த மனைவிக்குப் பத்திரத்தைப் பிடித்துக்கொள்ளும் வேலைக்குப் பதிலாக, "அன்றைக்கு நீ என்னிடம் சொன்னது இது, இன்றைக்குக் கேட்பது இது, நடுவில் என்ன நடந்தது சொல்" என்று கேட்கும் உரிமையைக் கொடுத்திருந்தால், அவள் வாழ்க்கையும் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

அப்படியானால் இந்த வம்பே வேண்டாம், விழுமியங்களைத் தொடாமல் விட்டுவிடலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். விட்டால் அவை அப்படியே இருக்கும் என்று அவர் நினைக்கிறார். 18 முதல் 68 வயது வரை 19,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து 2013ல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. கடந்த பத்து வருடத்தில் உங்கள் குணமும் விழுமியங்களும் விருப்பங்களும் எவ்வளவு மாறின என்று ஒரு பகுதியினரிடமும், வரும் பத்து வருடத்தில் எவ்வளவு மாறும் என்று இன்னொரு பகுதியினரிடமும் கேட்டார்கள். எல்லா வயதினரும் ஒரே மாதிரிதான். இதுவரை நிறைய மாறிவிட்டோம், இனிமேல் அவ்வளவாக மாறமாட்டோம். நாம் யார் என்பது இன்றோடு முடிவாகிவிட்டது என்ற நினைப்பு எந்த வயதிலும் போவதில்லை.

ஆக, மாறாமல் இருப்பது என்ற வழியே நமக்குத் திறந்திருக்கவில்லை. சம்பளம், அசதி, கூட இருப்பவர்கள், வயது எல்லாம் ராப்பகலாக நம் எடைக்கல்லைத் தேய்த்துக்கொண்டுதான் இருக்கின்றன. தெரிந்தே மாற்றுவது என்றால் ஜனங்கள் பதறுகிறார்கள். தானாகத் தேய்வதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. நான் செய்த மாற்றத்துக்கு ஒரு தேதி இருந்தது, ஒரு காரணம் இருந்தது, கையெழுத்தில் ஒரு நோட்டு இருந்தது. அதனால்தான் தப்பு எங்கே நடந்தது என்று திரும்பிப் போய்ப் பார்க்க முடிந்தது. தானாகத் தேய்ந்தவர்களுக்குத் திரும்பிப் பார்க்க எதுவும் இல்லை.

தோழி அப்படிச் சொன்ன வாரத்தில் அந்த நோட்டைத் தேடி எடுத்தேன். முதல் பக்கத்தில் நான் மறந்தே போன ஒரு வரி இருந்தது. என் கையெழுத்துதான், ஆனால் அழுத்தி எழுதியிருந்ததில் தாளின் பின்பக்கம் புடைத்திருந்தது. "இதை அவளுக்காகச் செய்கிறேனா, இல்லை என்னை எல்லோருக்கும் பிடிக்க வேண்டும் என்றா?" அடியில் இரண்டு கோடு. பதில் எழுதியிருக்கவில்லை. அடுத்த பக்கத்திலிருந்து பயிற்சி ஆரம்பமாகிவிட்டது. அந்தக் கேள்வியைக் கேட்டவள் பழையவள். உண்மையை விடாதவள். நான் அவளுக்குப் பதில் சொல்லாமல், ஒன்றரை வருடத்தில் அவள் வாயை அடைத்துவிட்டேன்.

பின்னால் வருகிறேன் என்று சொன்னது இதுதான். அன்பும் தள்ளியது, பிடிக்க வேண்டும் என்ற ஆசையும் தள்ளியது. எது எவ்வளவு என்று இன்றைக்கு என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அசோகரின் 13ஆம் பெரும்பாறைக் கல்வெட்டைப் பற்றிப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்போம். கலிங்கப் போரில் 1,00,000 பேர் கொல்லப்பட்டார்கள், 1,50,000 பேர் நாடு கடத்தப்பட்டார்கள், அதைப்போல் பல மடங்கு பேர் மாண்டார்கள் என்று அவரே சொல்லி வருந்துகிறார். தன் விழுமியம் மாறியதை ஒரு பேரரசர் கல்லில் வெட்டி வைத்தது வரலாற்றில் அபூர்வம். அதே கல்வெட்டில் காட்டில் வாழும் மக்களைப் பார்த்து, நான் வருந்தினாலும் எனக்கு இன்னும் பலம் உண்டு, திருந்திக்கொள்ளுங்கள் என்று எச்சரிக்கவும் செய்கிறார். பழைய அசோகர் முழுதாகப் போய்விடவில்லை. இதையெல்லாம் விட எனக்குள் தைத்தது வேறு. கலிங்கத்துக்குள்ளேயே தௌலி, ஜௌகடா என்று இரண்டு இடங்களில் அவருடைய கல்வெட்டுகள் இருக்கின்றன. அங்கே 11, 12, 13ஆம் சாசனங்கள் இல்லை. அவற்றுக்குப் பதிலாக, எல்லா மனிதரும் என் பிள்ளைகள் என்று சொல்கிற தனிச் சாசனங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. தன் வருத்தத்தை எங்கெங்கோ வெட்டியவர், யாருக்கு அந்தக் கொடுமை நடந்ததோ அவர்கள் ஊரில் வெட்டவில்லை. காரணம் அரசியலாக இருக்கலாம். எனக்கு அது அரசியலாக மட்டும் படவில்லை.

நான் மாறிவிட்டேன் என்று நண்பர்களிடம் சொன்னேன், கூட வேலை செய்கிறவர்களிடம் சொன்னேன். யாருக்காக மாறினேன் என்று சொல்லிக்கொண்டேனோ அவளிடம் மட்டும் சொல்லவே இல்லை. அந்தச் சாயங்காலத்தைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் பேசியதே கிடையாது.

போன வருடம் நோட்டை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஒற்றை வாக்கியம், நன்றாகத் தூங்கிய ராத்திரி, விசேஷ வீட்டில் அவள் சொன்ன பொய், ஒன்றரை வருடப் பயிற்சி, தோழியின் பணம். நடுவில் குறுக்கிடாமல் கேட்டாள். மன்னிப்புக் கேட்டு முடித்ததும், ஒரு விஷயம் கேட்கலாமா என்றாள்.

"நீ என்னத்தை மாத்தினேன்னு சொல்றே?"

"முகத்துக்கு நேரே சொல்றதை."

"அன்னைக்கு நீ சொன்னது சரிதான் அக்கா. அதுல உயிர் இல்லைதான். எனக்கே தெரியும், அதனாலதான் உன்கிட்ட கொண்டு வந்தேன். நான் ஏழு நம்பர் போட்டு உட்கார்ந்திருந்தேன். நீ ஒண்ணோட நிறுத்திட்டே."

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இத்தனை வருடம் நான் திருத்திக்கொண்டிருந்தது வேறு எதையோ. புண் எங்கே என்று புண்பட்டவளிடம் கேட்காமலே, என் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் கத்தியை வைத்துவிட்டேன்.

நோட்டை அவளிடம் நீட்டினேன். இது உன்னிடம் இருக்கட்டும், நான் நகர்ந்தால் சொல் என்றேன். வாங்கவில்லை. "அங்க வச்சிட்டுப் போ, படிப்பேனான்னு தெரியாது" என்றாள். அலமாரி மேல் வைத்துவிட்டு வந்தேன்.

போன மாதம் ஃபோன் செய்தாள். ஏதோ வீட்டு விஷயம் பேசிவிட்டு வைக்கப் போகும்போது கேட்டாள், "இடது பக்கம் எழுதுறதை ஏன் நிறுத்திட்டே?"